பெல்ட்டைக் கேட்கக் கூடாது

“எங்கப்பாவோட மெஷின் பெல்ட்டைக் குடுங்க, அங்கிள்.”

கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் நான் கேட்காதது எதுவுமில்லை. காலேஜில் சேர வேண்டும் என்று கேட்டேன். இப்போது கல்யாணம் வேண்டாம் என்று கேட்டேன். இரண்டும் கிடைத்தன. இதை மட்டும் வாய்விட்டுக் கேட்கக் கூடாதென்று, நான் ஜெபம் சொல்லக் கற்றுக்கொண்ட வயதிலேயே அப்பா சொல்லி வைத்திருந்தார். “சாமியார்கிட்ட எது வேணா கேளு, கேத்தி. பெல்ட்டை மட்டும் கேக்காத.”

எட்டு மணிப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. பீடத்துக்குப் பின்னால், பூசை உடுப்புகளை வைக்கும் அறையில் நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் அங்கே நுழைவதில்லை. தலையில் முக்காடு இருந்தது, நுழைந்துவிட்டேன். எதிர்ச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் தையல் மெஷினின் தோல் பெல்ட் ஒன்று சுருண்டு தொங்கியது. மேலே சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் அந்தந்த டெய்லரின் பெயர். அதில் ஒரு பெயர் சில்வெஸ்டர். என் அப்பா.

ஓஸ்வால்ட் அங்கிள் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பெல்ட்டா? ஏன் பாப்பா, அப்பாவுக்குப் பேண்ட்டு நிக்க மாட்டேங்குதா?”

“ஜோக் வேணாம் அங்கிள். மெஷின் பெல்ட்டு.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“ஞாயித்துக்கிழமை. பி.ஏ. படிச்சிருக்கேன், கிழமையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டாங்க.”

அவர் சிரிப்பு நின்றது. ஓஸ்வால்ட் அங்கிள் ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் கோயில் பங்கின் ஓய்வுநாள் சங்கத்துக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நீல ரிப்பனில் ஒரு மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு, சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு தெருத் தெருவாக நடந்து வருவார். யார் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கிறது, யார் வீட்டில் மெஷின் ஓடுகிறது என்று காது கொடுப்பார். இந்த அறையின் சாவி அவரிடம்தான்.

“அம்மாவுக்கு விரல் பழுத்துக் கெடக்குது அங்கிள். ஊசியைத் தொடக் கூடாதுன்னு டிஸ்பென்சரில சொல்லியிருக்காங்க. உங்க பொண்ணு மௌரீன் கல்யாணத்து ஃப்ராக்கெல்லாம் அந்தக் கையாலதான் தெச்சிட்டிருக்காங்க. பெல்ட்டு இருந்தா அப்பா மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவாரு.”

“அட, கையாலதானே தெக்கறாங்க?” என்றார் அவர், ஏதோ நல்ல செய்தி கேட்டவர் மாதிரி. “கையால தெக்கறது பாவமில்லையே பாப்பா!”

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு டெய்லர் வீடு. எல்லோரும் வடாற்காட்டிலிருந்து வந்து, தண்டு என்கிற கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு யூனிஃபார்ம் தைத்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் திரிகால ஜெபத்துக்கு மணி அடித்தவுடன், ஒவ்வொரு டெய்லரும் கால்மெஷினிலிருந்து பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார். பெல்ட்டில்லாமல் மெஷின் ஓடாது. மிதியை மிதித்தால் கீழே சக்கரம் மட்டும் சும்மா சுற்றும். திங்கட்கிழமை காலைப் பூசை முடிந்த பிறகுதான் பெல்ட் திரும்பி வரும். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் துணி ஞாயிற்றுக்கிழமையும் வரும், திங்கட்கிழமையும் கேட்கும். சனிக்கிழமை மணி அடித்தபோது மெஷினில் பாதியில் நின்ற தையலை யார் முடிப்பது? வீட்டுப் பெண்கள் முடிப்பார்கள், கையால். காஜா, ஹெம்மிங், பட்டன் எல்லாம் என்றைக்குமே அவர்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை அதோடு நீளத் தையலும் சேர்ந்துகொள்ளும். மெஷினில் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தில் ஓடுகிற தையல், கையில் பின்னால் ஒரு குத்து முன்னால் ஒரு குத்தென்று போட்டால் ஒரு பூசை நேரம் பிடிக்கும். மெஷின் ஓய்வெடுக்க ஓய்வெடுக்க என் அம்மாவுக்கு வேலை ஏறும். இதுதான் எங்கள் தெருவின் ஓய்வுநாள்.

போன வருஷம் மேற்றிராணியார், எங்கள் பிஷப், வந்திருந்தபோது, இந்தப் பங்கிலேயே ஞாயிறன்று மிகவும் அமைதியான தெரு இதுதான் என்று எங்கள் தெருவைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். அமைதியாகத்தான் இருக்கும். ஊசி சத்தம் போடாது.

யூஜின் மாமா ஒருமுறை பெல்ட்டைக் கேட்டார். அவர் மனைவி டைபாய்டில் படுத்திருந்தாள், கையால் தைக்க ஆளில்லை. கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லவில்லை, ஆனால் ஓய்வுநாளை விற்றுத் தின்பவர்கள் என்று வந்தபோது எல்லோரும் திரும்பி யாரைப் பார்த்தார்கள் என்று எனக்கு ஞாபகமிருக்கிறது. அதற்குப் பிறகு பங்குக்காரர் யாரும் அவரிடம் துணி கொடுக்கவில்லை. இன்றைக்கு அவர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு சேட்டுக் கடையில் கூலிக்குத் தைக்கிறார். அந்தக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால்தான் எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை.

எங்கள் பங்குச் சாமியார் ரெமிஜியஸ் ஃபாதர் அதே அறையில் பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். என்னைக் காலேஜில் சேர்க்கக் கடிதம் கொடுத்தவரே அவர்தான். அதனால் அவரிடம் நேராகவே கேட்டேன்.

“ஃபாதர், அம்மா தெச்சா பாவமில்ல, அப்பா தெச்சாப் பாவமா?”

“அப்படியில்லம்மா கேத்தரின்.” அவர் குரலை உயர்த்தாமல் பேசுவார். “விலக்கப்பட்ட வேலைன்னா உடம்பால கூலிக்குச் செய்யற வேலை. உழறது, கட்டறது, மெஷின் ஓட்டறது. படிக்கறது, எழுதறது, பாடம் சொல்லிக்குடுக்கறது, படம் போடறது, இதெல்லாம் விலக்கில்ல. பெண்கள் வீட்டுல உக்காந்து பூவேலை, ஊசி வேலை செய்யறதும் அந்த மாதிரிதான். பொழுதுபோக்கு.”

“எங்கம்மா பொழுது போகலன்னு தெக்கறாங்கன்னு நெனைக்கறீங்களா ஃபாதர்?”

அவர் உடுப்பின் மடிப்பை நீவிவிட்டார்.

“நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓஸ்வால்ட் அங்கிள் வீட்டுக்குப் போய் மௌரீன் தம்பிக்கு டியூஷன் எடுக்கறேன். கூலி வாங்கிட்டுத்தான். அது பாவமில்ல. ஏன்னா நான் பி.ஏ. நாலு வருஷம் படிச்சு முடிச்சவுடனே ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சாலும் எனக்குப் பாவம் வராது. எங்கம்மாவுக்கும் வராது, ஏன்னா அவங்க செய்யறது வேலையே இல்ல. அப்போ பாவம் எதுல இருக்கு ஃபாதர்? சத்தத்துலயா?”

“பாப்பா, யார்கிட்ட பேசறன்னு...” என்று ஓஸ்வால்ட் அங்கிள் ஆரம்பித்தார்.

“மாட்டுக்குக்கூட அன்னிக்கு ஓய்வு குடுக்கணும்னுதானே கட்டளை, ஃபாதர்? எங்கம்மாவை எந்தக் கணக்குல சேத்தீங்க?”

ஃபாதர் மடித்த உடுப்பை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். “அம்மா கேட்டாங்களா?”

“கேக்க மாட்டாங்க.”

“அப்பா கேட்டாரா?”

“அவரும் கேக்க மாட்டாரு.”

“வீட்டுத் தலைவர் வந்து கேட்டா யோசிக்கலாம்மா. அவர் கேக்காம அவர் பெல்ட்டை எப்படி நான் உன் கையில குடுக்க முடியும்? இன்னிக்கு உனக்குக் குடுத்தா அடுத்த வாரம் இந்தச் சுவத்துல ஒண்ணும் தொங்காது.”

“சரி, பெல்ட்டைக் குடுக்காதீங்க. ஊசியையும் வாங்கி வச்சிக்குங்க.”

ஓஸ்வால்ட் அங்கிளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. “ஊசியைக் கோயில்ல கொண்டாந்து வெப்பாங்களா? அப்புறம் நாளைக்குத் துடைப்பத்தைக் கொண்டாருவீங்க. அம்மிக்கல்லைக் கொண்டாருவீங்க.”

“கொண்டாருவோம் அங்கிள். உங்களுக்குத்தான் எடம் பத்தாது.”

வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவின் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கை ஆள்காட்டி விரல். தடித்த கோட்டுத் துணியில் ஊசி வழுக்கி நகக்கண்ணில் ஏறியிருக்கிறது. அம்மா சேலையில் துடைத்துக்கொண்டு தைத்திருக்கிறாள். வியாழக்கிழமை பார்த்தால் விரல் நாவல்பழம் மாதிரி இருக்கிறது. எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் சொருகிக்கொண்டு சமையல் செய்துகொண்டிருந்தாள். நான்தான் டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மருந்து வைத்துக் கட்டிய நர்ஸ், “இந்தக் கையில ஊசியைப் புடிச்சா விரலை எடுக்கற மாதிரி ஆயிடும், ஹுஷார்” என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவாள்.

நேற்று மத்தியானம் ஓஸ்வால்ட் அங்கிள் வீட்டிலிருந்து வெள்ளைச் சாட்டின் வந்தது. மெட்ராஸிலிருந்து பார்சல் லேட்டாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மௌரீனுக்குக் கல்யாணம். துணைப்பெண்கள் நாலு பேருக்கு ஃப்ராக் வேண்டும், கீழே இரண்டடுக்கு ஃப்ரில் வைத்து. சனிக்கிழமை மத்தியானம் கொடுத்தால் யார், எப்போது தைப்பார்கள் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் ஓஸ்வால்ட் அங்கிள்தான். சாவி அவரிடம் இருக்கிறதே. அப்பா மளமளவென்று வெட்டினார். இரண்டு மேல்பாகம் மெஷினில் ஓட்டினார். மணி அடித்தது. பாதித் தையலில் ஊசியைத் தூக்கினார், பெல்ட்டைக் கழற்றினார், சட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா விரலிலிருந்த கட்டைப் பாதி அவிழ்த்து, நுனி வெளியே வரும்படி மெல்லிசாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் தைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு பட்டன் கட்டத் தெரியாது. அம்மா சொல்லித் தரவில்லை. கேட்டால், “ஒருத்தி கத்துக்கிட்டது போதும்” என்பாள். மெஷின் பக்கம் போனாலே அப்பா விரட்டுவார், போய்ப் படி என்று.

கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு மெஷின் சத்தமில்லை. வாசல் வாசலாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், வெளிச்சத்துக்காக. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு துணி. உள்ளே ஆண்கள் வெள்ளைச் சட்டையோடு சாய்ந்திருந்தார்கள், ஒரு வீட்டில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயராஜ் டெய்லர் சம்சாரம் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “பூசைல ஃபாதர் இன்னா பிரசங்கம் கேத்தி இன்னிக்கு?”

“ஓய்வைப் பத்தி அக்கா.”

“நல்லாருந்துதா?”

“ரொம்ப நல்லாருந்துது.”

அவள் அடுத்த நூலைக் கோத்தாள்.

வீட்டில் அம்மா ஜன்னலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிப் பூசைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவள். அம்மா என்றைக்கும் ஐந்து மணிப் பூசைதான், பாட்டுப் பூசைக்கு உட்கார நேரம் கிடையாது. சாட்டின் வழுக்குகிற துணி. அதில் ஊசியைப் பிடித்துத் தள்ளப் பழுத்த விரலைத்தான் அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் உதட்டைக் கடித்தாள். வெள்ளைத் துணியில் படாமலிருக்க விரலுக்குக் கீழே ஒரு கந்தலை வைத்திருந்தாள். அதில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் கறை.

அப்பா நாற்காலியில் இருந்தார். “எங்க போயிருந்த?”

“பெல்ட்டைக் கேக்க.”

அப்பா எழுந்தே விட்டார். “இன்னாடி சொல்ற?”

“பெல்ட்டைக் கேட்டேன். குடுக்கல.”

“யாரு உன்னைக் கேக்கச் சொன்னது? நான் சொன்னேனா? உங்கம்மா சொன்னாளா? என் மானத்தை வாங்கிட்டு வந்து நிக்கற. தெரியுமாடி உனக்கு, அந்த ஆணியை அடிச்சது யாருன்னு? நான் அடிச்சேன். என் கையால.”

தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறேன். யுத்த காலத்தில் பட்டாளத்துத் துரைமார் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் ஆள் வரும், பார்ட்டி கவுனை உடனே சின்னதாக்கு என்று. முடியாது என்றால் கான்ட்ராக்ட் போகும். டெய்லர்களுக்குப் பூசை கிடையாது, தூக்கம் கிடையாது. அப்போது அப்பாவும் இன்னும் சில பேரும் யோசித்துச் செய்த வேலை இது. பெல்ட்டைக் கோயிலில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். ஆள் வந்தால், பெல்ட் சாமியாரிடம் இருக்கிறது துரை, வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்றார்கள். எந்தத் துரையும் போய்க் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் எங்கள் தெரு ஆண்கள் மனிதர்களானது அப்படித்தான். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் எனக்குப் பிடித்த அப்பா. அல்சூர் ஏரிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போவார், வேர்க்கடலை வாங்கித் தருவார், பாடுவார்கூட. அம்மா வரவில்லையா என்று சின்னதில் கேட்பேன். “அம்மாவுக்குக் கொஞ்சம் கைவேலை கீது” என்பார்.

“துரைங்க போயிட்டாங்கப்பா,” என்றேன். “இப்போ துணி குடுக்கறது யாரு? சாவி வெச்சிருக்கறவரே குடுக்கறாரு.”

“அவரு பெரிய மனுஷரு. அவசரத்துக்குக் குடுக்கறாரு.”

“யாரோட விரல்ல அவசரம்?”

“கேத்தி, உடு,” என்றாள் அம்மா, தலை தூக்காமல். “இன்னும் ரெண்டுதான். ராத்திரிக்குள்ள ஆயிடும்.”

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓஸ்வால்ட் அங்கிள். நீல ரிப்பன், மெடல், முகமெல்லாம் வியர்வை. அப்பா வேட்டியைச் சரி செய்துகொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உக்கார நேரமில்ல சில்வெஸ்டர். ஃபாதர்கிட்ட பேசிட்டு நேரா வர்றேன்.” அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். பெல்ட். “ஸ்பெஷல் பர்மிஷன்! கல்யாணம் ஒரு தேவதிரவிய அனுமானம், சாக்ரமென்ட்டு. அதுக்கு வேண்டிய வேலைன்னா ஃபாதரே அனுமதி குடுக்கலாமாம். பாப்பா சொன்ன அப்புறம்தான் எனக்கே பயம் வந்துது. விரல் சரியில்லாத கையில தெச்சா ஃப்ரில் நேரா வருமா? மெட்ராஸ்லேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. அதான் நானே ஃபாதர் கால்ல விழாத குறை.”

நான் அந்தப் பெல்ட்டைப் பார்த்தேன். காலையில் அம்மாவின் விரலுக்கு அசையாதது. மௌரீன் வீட்டு ஃப்ரில்லுக்கு நடந்தே வந்துவிட்டது.

“வாங்குப்பா,” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். எந்த வழியாக வந்தாலும் வரட்டும், அம்மா கை நிற்கட்டும் என்று. “வாங்கி மாட்டு.”

அப்பா கை நீட்டவில்லை.

“மன்னிக்கணும் சார்,” என்றார். நிமிர்ந்து நின்றார். அவர் அப்படி நிற்பதைக் கோயிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். “கர்னல் துரை பொண்டாட்டி ஜீப்புல வந்து கூப்ட்டப்பகூட நான் ஞாயித்துக்கிழமை மிதி மேல காலை வெச்சதில்ல. நான் பெல்ட்டைக் கேக்கவும் இல்ல. இது சின்னப் பொண்ணு, புத்தியில்லாம கேட்டுடுச்சு. பெல்ட்டு கோயில்லயே இருக்கட்டும்.”

“அப்போ ஃப்ராக்கு?”

“அதெல்லாம் ஆயிடும் சார். செசிலி முடிச்சிடுவா.”

ஓஸ்வால்ட் அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. “சில்வெஸ்டர்னா சில்வெஸ்டர்தான்! ஃபாதரே குடுத்தும் வேணாங்கறியேப்பா! இதை நான் மீட்டிங்குல சொல்லாம உட மாட்டேன்.” பெல்ட்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். அம்மா பக்கம் திரும்பி, அன்பாகவே சொன்னார்: “மெதுவாத் தைம்மா. ஒண்ணும் பேஜார் பட்டுக்காத. ராத்திரி எவ்ளோ நேரமானாலும் பரவால்ல.”

இரண்டு பேரும் பாவமே செய்யவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருவர் அனுமதி வாங்கி வந்துவிட்டார், இன்னொருவர் அனுமதியையும் வேண்டாமென்று விட்டார். இரண்டு பேருடைய புண்ணியமும் ஊசிமுனை வழியாக என் அம்மாவின் நகக்கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் குனிய வேண்டிய அவசியம் வரவில்லை.

நான் பாய்க்குப் போய் அம்மா எதிரில் உட்கார்ந்தேன்.

“அம்மா. குடு.”

“இன்னா குடுக்கறது?”

“எல்லாத்தையும். தெச்சது, தெக்காதது, ஃப்ரில்லு, மிச்சத் துணி.”

“கேத்தி!” என்றார் அப்பா.

“மௌரீன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன். அவளுக்கு ரெண்டு கை இருக்குது. நான் பாத்திருக்கேன், ரெண்டும் நல்லா இருக்குது. கையால தெச்சாப் பாவமில்லன்னு அங்கிளே காலைல சொன்னாரு. ராத்திரி எவ்ளோ நேரமானாலும் பரவால்லன்னு இப்போ சொன்னாரு.”

“நாளைக்குக் கல்யாணப் பொண்ணு!” ஓஸ்வால்ட் அங்கிளின் குரல் கிறீச்சிட்டது. “அவ எப்படி ஊசியைப் புடிச்சிட்டு...”

“பொழுதுபோக்குதானே அங்கிள்.”

“இதோட இந்தப் பேட்டையில நமக்கு ஒரு துணி வராதுடி,” என்றார் அப்பா. அவர் கத்தவில்லை. “யூஜின் கதிதான். சேட்டுக் கடையில போய் உக்காரணும் நான். ஞாயித்துக்கிழமையும் மிதிக்கணும். அதுதான் வேணுமா உனக்கு? நான் சேத்து வெச்ச ஒரே நாளு அது.”

அவர் சொன்னது பொய் இல்லை. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டில் ஒருத்தருக்குத்தான் ஓய்வு என்றால் முறை மாற வேண்டும்.

“துணி வராட்டி நான் சம்பாதிக்கறேன்ப்பா. சேட்டுக் கடைக்குப் போக வேணாம். ஆனா ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுல ஊசி ஏறாது. நானும் டியூஷனுக்குப் போக மாட்டேன். அதுவும் வேலைதான். நானும் கிறிஸ்தவச்சிதானே, எனக்கும் ஒரு நாள் வேணும். அம்மாவுக்கும் வேணும்.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஓஸ்வால்ட் அங்கிளை அவள் பார்க்கவில்லை.

“செசிலி,” என்றார் அப்பா. “குடுக்காத.”

அம்மா குனிந்தாள். போட்டுக்கொண்டிருந்த தையலைத் தொடரப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்தாள். ஊசியைத் துணியிலேயே குத்தினாள். ஃப்ராக்கை மடியிலிருந்து எடுத்து, கசங்காமல், தோள் மேல் தோள் வைத்து மடித்தாள். முடிந்த இரண்டையும் முடியாத இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். ஃப்ரில் துண்டுகளைச் சுருட்டி மேலே வைத்தாள். சாட்டின் வந்த அதே வெள்ளைத் துணியில் எல்லாவற்றையும் போட்டு மூட்டையாகக் கட்டினாள். வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும்தான் முடிச்சுப் போட்டாள்.



“மேல இருக்கற ஃப்ராக்குல ஊசி குத்தியிருக்கேன்,” என்றாள் என்னிடம். “அந்தப் பொண்ணு கையில ஏத்திக்கப் போவுது. சொல்லிட்டுக் குடு.”

“சொல்றேம்மா.”

“ஓரத்துல கால் அங்குலம் உட்டுத் தெக்கச் சொல்லு. சாட்டின் பிரியும்.”

“சரிம்மா.”

பிறகு அம்மா செய்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாயில் சிதறியிருந்த நூல் துணுக்குகளைக் கையால் ஒதுக்கினாள். சுவர்ப் பக்கமாகத் திரும்பினாள். பழுத்த கையைத் தலைக்கு மேல் நீட்டி வைத்துக்கொண்டு படுத்தாள். வெளியே பட்டப்பகல். வீட்டில் ஓர் ஆண் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இன்னொரு பெரிய மனிதர் மெடலோடு நிற்கிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சில்வெஸ்டர், என்னப்பா இதெல்லாம்?” என்றார் ஓஸ்வால்ட் அங்கிள். “நீ ஒரு வார்த்தை சொல்லேன்.”

அப்பா அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்வாரோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி, கேட்டுக்கொண்டு போகலாமென்று. பிறகு அதற்கும் காத்திருக்க வேண்டாமென்று தோன்றியது. மௌரீன் வீட்டில் பந்தல் போட்டிருப்பார்கள், ஆட்கள் நிறைய இருப்பார்கள். என்னவென்று எல்லோர் முன்னாலும் கேட்கட்டும், சொல்கிறேன். திரும்பி வரும்போது இந்தக் கதவு திறந்திருக்குமா என்று தெரியாது. திறந்திருந்தால் அம்மாவை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மூடியிருந்தால் தட்டி வெளியே கூப்பிட்டு, அப்போதும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மூட்டை பெரிதாக இருந்தாலும் கனமில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வாசற்படியில் ஓஸ்வால்ட் அங்கிள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

“நகருங்க அங்கிள்,” என்றேன். “அம்மா தூங்கறாங்க.”

நகர்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.